தனக்கா பூசின முகமும் லைட் மீட்டர் முள்ளும்

ரங்கூன்ல போன தீமிதிக்கு எங்க சித்தப்பாவ ஒரு படம் எடுக்கணும்னு நின்னேன், தோள்ல அவரு சின்னப் பொண்ணு, பாப்பா கன்னம் ரெண்டுலயும் தனக்கா, அதான் மரப்பட்டைய அரைச்ச வெளிர் மஞ்சள் பூச்சு, வட்டமா பூசியிருக்கு, சித்தப்பா நல்ல கருப்பு, இடுப்புல புது வெள்ளை வேட்டி. சாயங்கால வெயில், கேமராவுல 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் (ஃபிலிம் எவ்வளவு சீக்கிரம் வெளிச்சத்த வாங்கும்ங்கிற எண்), ஷட்டர் 1/250 செகண்ட். வெளிச்சம் அளக்குற லைட் மீட்டர சித்தப்பா முகத்துக்கிட்ட கொண்டு போனா லென்ஸ் ஓட்டைய எஃப் 5.6ல வைங்குது (எண் கூடக்கூட ஓட்டை சின்னது), பாப்பா கன்னத்துக்கு எஃப் 11, வேட்டிக்கு எஃப் 16. மூணு பேருக்கும் விழற வெயில் ஒண்ணுதான், அப்புறம் எப்படி மூணு பதில்? பக்கத்துல நின்ன தம்பி "அண்ணே, மீட்டர் கெட்டுப்போச்சு போல, வேற வாங்குங்க"ன்னான். மீட்டர் கெடல. அது தன் வேலைய சரியாத்தான் செஞ்சுது. ஒரு மீட்டர் நிஜமாவே கெட்டுப்போச்சா, இல்ல நாமதான் அதுகிட்ட தப்பான கேள்வி கேக்குறோமான்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா போதும், பழைய மீட்டர் வாங்குறதும் சரி பண்றதும் பாதி முடிஞ்ச மாதிரி.

மீட்டருக்கு முன்னாடி இருக்கிறது முகமா வேட்டியான்னு அதுக்குத் தெரியாது. எத்தனை வெளிச்சம் திரும்பி வருதுன்னு மட்டும்தான் தெரியும். அதனால செஞ்சவங்க அதுக்கு ஒரு நடுத்தரமான சாம்பல் நிறத்தக் கணக்கா வெச்சுக் குடுத்துட்டாங்க, நீ எதப் பாத்தாலும் அது இந்தச் சாம்பல்னு நெனச்சுக்கோன்னு. கடையில விக்கிற சாம்பல் அட்டை விழற வெளிச்சத்துல 18 சதவீதத்தத் திருப்பி அனுப்பும், மீட்டரோட கணக்கும் அத ஒட்டித்தான் இருக்கும். வேட்டி அதுல நாலு மடங்குக்கு மேல திருப்பி அனுப்புது, உடனே மீட்டர் "இவ்ளோ வெளிச்சமா, லென்ஸ மூடு"ங்குது, அது சொன்னபடி எடுத்தா வேட்டி சாம்பலாவும் சித்தப்பா முகம் கரியாவும் வரும். சித்தப்பா முகத்தக் கேட்டா "இருட்டா இருக்கு, தொற"ங்குது, அவரு வெளுத்துப் போயி வேட்டி மடிப்பெல்லாம் காணாமப் போயிடும். நம்ம கல்யாண ஆல்பங்கள்ல மாப்பிள்ளை முகம் ஒரு படத்துல வெளுத்தும் அடுத்த படத்துல கருகியும் இருக்கே, அதுக்கு முக்கியமான காரணம் இதுதான், அதுல மாப்பிள்ளை நிறத்து மேல ஒரு குத்தமும் இல்ல.

இதுக்கு இன்னொரு வழி இருக்கு. மீட்டர் மேல பாதி பிங்பாங் பந்து மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும், அத மாட்டிக்கிட்டு ஆளு முகத்துக்கிட்ட போயி கேமரா பக்கமா திருப்பிப் புடிக்கணும். இப்ப அது திரும்பி வர்ற வெளிச்சத்தப் பாக்கல, ஆளு மேல விழற வெளிச்சத்தப் பாக்குது. இந்தக் குமிழோட யோசனை அமெரிக்காக்காரர் டான் நார்வுட் குடுத்தது. தட்டையா ஒரு தகடு வெச்சா நேரா வர்ற வெளிச்சத்த மட்டும்தான் ஒழுங்கா வாங்கும், குமிழ் வெச்சா முகம் மாதிரியே பக்கத்துல இருந்து வர்றதையும் மேல இருந்து வர்றதையும் சேத்து வாங்கிக்கும். அன்னிக்கு குமிழ்ல பாத்தா எஃப் 8 வந்துச்சு. அதுல எடுத்தேன். சித்தப்பா சித்தப்பா நிறத்துல, தனக்கா தனக்கா நிறத்துல, வேட்டி வெள்ளையா.

ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவுலயும் இதே கததான். வெயில்ல தங்கக் கோபுரத்தப் பாத்து நேரா மீட்டர் புடிச்சா தங்கம் மங்கலா, கீழ நடக்குற ஜனம் நிழலா வரும். கோபுரத்துக்கிட்ட ஏறிப்போயி குமிழ் புடிக்க வேண்டியதில்ல, அது மேல அடிக்கிற அதே வெயில் நீங்க நிக்கிற எடத்துலயும் அடிச்சா போதும், நின்ன எடத்துலயே அளந்துக்கலாம். அதனால வாங்கும்போது நான் மொதல்ல பாக்குறது குமிழ் கூட இருக்கான்னுதான். வெஸ்டன் கம்பெனியோட மாஸ்டர் மீட்டர்னா அதுக்கு இன்வர்கோன்னு தனியா ஒரு வெள்ளை மூடி உண்டு, பல பேரு வீட்ல மீட்டர் மட்டும் அலமாரில இருக்கும், மூடி எங்கயோ போயிருக்கும். ரெண்டும் சேந்து கெடச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் தப்பில்ல. குமிழ் இல்லாத மீட்டர்தான் கெடச்சுதுன்னா உங்க உள்ளங்கையக் காட்டிப் பாருங்க, வெளில எவ்வளவு கருப்பா இருந்தாலும் நம்ம உள்ளங்கை அந்தச் சாம்பல விட சுமாரா ஒரு ஸ்டாப் வெளுப்பு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்ல பாதி), வந்த பதில்ல இருந்து ஒரு ஸ்டாப் தொறந்துக்கோங்க.

இனி உள்ள என்ன இருக்குன்னு பாப்போம், ஏன்னா வெளிச்சத்த உணருற துண்டு, அதான் செல், எந்த வகைன்னு தெரியாம மீட்டர் வாங்கக் கூடாது. 

செலினியம் மேல வெளிச்சம் பட்டா அதோட மின்தடை மாறுதுன்னு 1873ல வில்லபி ஸ்மித் வெளிய சொன்னாரு, கடலடித் தந்திக் கம்பிய சோதிக்கப் போன எடத்துல கண்ணுல பட்ட விஷயம் அது. அப்புறம் இரும்புத் தகடு மேல செலினியம் பூசி அதுக்கு மேல வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா ஒரு உலோகப் படலம் வெச்சாங்க, வெளிச்சம் பட்டா அதுவே கரண்ட் குடுக்கும், பேட்டரியே வேணாம். 1932ல வெஸ்டன் கம்பெனி 617ங்கிற மாடல இப்படித்தான் கொண்டு வந்துச்சு. (இந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச எட்வர்ட் வெஸ்டன் இங்கிலாந்துல பொறந்து அமெரிக்கா போன மின் கருவி நிபுணர். குடைமிளகாயப் படம் புடிச்ச போட்டோக்காரர் எட்வர்ட் வெஸ்டன் வேற ஆளு.) அந்தத் துளியூண்டு கரண்ட் ஒரு காந்தத்துக்கு நடுவுல தொங்குற கம்பிச்சுருள்ல ஓடும், சுருள் திரும்பும், முள்ளு நகரும். அவ்ளோதான் மீட்டர். கரண்ட் இல்லாத ஊர்லயும் ஓடுங்கிறது எங்களுக்குப் பெரிய விஷயம், பேட்டரி தேடி அலைய வேண்டாம். செலினியம் பாக்குற விதமும் மனுஷக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஆனா வெளிச்சம் கொறஞ்சா தள்ளாடிடும், விளக்கு வெளிச்சத்துல கோவில் உள்ள முள்ளு எந்திரிக்கவே எந்திரிக்காது.

அதோட எதிரி ஈரம். ரங்கூன்ல மே மாசம் ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் மழை, வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல பேயுற ஊரு. அந்த மெல்லிசு படலத்தோட ஓரத்துல கரண்ட் எடுக்குறதுக்குன்னு ஒரு வளையம் அழுத்திக்கிட்டு இருக்கும், ஈரம் உள்ள போச்சுன்னா அங்கதான் மொதல்ல அரிக்கும். நல்லா மூடின செல்லு அறுபது வருஷம் தாண்டியும் ஓடுது, மூடாத செல்லு பெட்டிக்குள்ளயே செத்துப் போகுது.

அடுத்தது கேட்மியம் சல்பைடு, சிடிஎஸ்னு சொல்லுவாங்க. இது கரண்ட் குடுக்காது, வெளிச்சம் பட்டா மின்தடை கொறையும், அதனால பேட்டரி வேணும். கோசன் கம்பெனியோட லூனாசிக்ஸ் 3 இந்த வகை, நிலா வெளிச்சத்தயே அளக்கும், கோவில் கருவறை விளக்குக்கெல்லாம் அருமையான மீட்டர். கொறை என்னன்னா இந்தச் செல்லுக்கு ஞாபகம் இருக்கும், வெயில்ல காட்டிட்டு உடனே இருட்டுக்குள்ள போனா கொஞ்ச நேரம் பழைய வெளிச்சத்தோட நெனப்புலயே பதில் சொல்லும், சில நிமிஷம் பொறுக்கணும். மூணாவது சிலிக்கான், இப்ப வர்ற மீட்டரெல்லாம் இதுதான், வேகமா பதில் சொல்லும், ஞாபகத் தொல்லை இல்ல, அகச்சிவப்ப அதிகமாப் பாக்கும்ங்கிறதால முன்னாடி நீல ஃபில்டர் வெச்சிருப்பாங்க. காசு இருந்து, ஒண்ணே ஒண்ணு போதும்னு நெனக்கிறவங்க சிலிக்கான் மீட்டர் வாங்கிக்கோங்க, லூனாசிக்ஸ் எஃப் மாதிரி 9 வோல்ட் பேட்டரி போடுறது கெடச்சா ரொம்ப நல்லது, அந்தப் பேட்டரி எந்தக் கடைலயும் கெடைக்கும். போன்ல இருக்கிற மீட்டர் ஆப்பும் மோசமில்ல, ஆனா பெரும்பாலும் அது திரும்பி வர்ற வெளிச்சத்தத்தான் பாக்கும், வேட்டிய சாம்பலாக்குற அதே தப்ப அதுவும் பண்ணும்.

லூனாசிக்ஸ் 3 வாங்குனா பேட்டரி விஷயம் கவனிக்கணும். அதுக்குப் போட்டது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி ரெண்டு, பாதரசம் விஷம்னு அது இப்ப கடைகள்ல வர்றதில்ல. அதே அளவுல கெடைக்கிற 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா முள்ளு ஓடும், ஆனா கூடக் காட்டும், நீங்க லென்ஸ மூடிடுவீங்க, படம் இருட்டும், அதுவும் அல்கலைன் வோல்டேஜ் நாளாக ஆக எறங்கிட்டே இருக்கும், இன்னிக்கு ஒரு தப்பு நாளைக்கு வேற தப்பு. இங்க நாங்க பண்றது காது மெஷினுக்குப் போடுற 675 பேட்டரி. அது துத்தநாகமும் காத்தும் சேந்து ஓடுற பேட்டரி, சுமாரா 1.4 வோல்ட், கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுல நிக்கும். பழசு 16 மில்லிமீட்டர் அகலம், இது 12 கூட இல்ல, அதனால சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவுல நிக்க வெக்கணும். மேல இருக்கிற ஸ்டிக்கர உரிச்சதும் காத்து உள்ள போகும், அப்புறம் நீங்க மீட்டரத் தொட்டாலும் தொடலைன்னாலும் சில வாரத்துலயோ ரெண்டொரு மாசத்துலயோ தீந்துடும். முக்கியமான நாளுக்கு முந்தின நாள் உரிங்க.

கடைல கைல வாங்கினதும் மொதல்ல வெளிச்சம் வாங்குற கண்ணாடிய மூடிட்டு முள்ளு பூஜ்யத்துக்கு வருதான்னு பாருங்க. வரலைன்னா முன்னாடி சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், மெதுவாத் திருப்புனா பூஜ்யம் சரியாகும், இது கோளாறே இல்ல, ஆனா இதக் காட்டி வெலையக் கொறைக்கலாம். அப்புறம் மெதுவா வெளிச்சத்தப் பக்கம் திருப்புங்க, முள்ளு தண்ணில மெதக்குற மாதிரி வழுக்கிட்டுப் போகணும், நடுவுல நின்னு நின்னு குதிச்சா சுருளத் தாங்குற முனை கெட்டிருக்கு, இல்ல காந்த இடுக்குல தூசி இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைக்காரர் உங்ககிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் மூடிய காஞ்ச துணில நல்லாத் தொடச்சிருப்பாரு, அதுல நிலைமின்சாரம் ஏறி முள்ள இழுத்துப் புடிச்சுக்கும். மூடி மேல லேசா வாயால ஊதி ஈரம் படிய வெச்சா முள்ளு விடுபட்டு ஓடும். நல்ல மீட்டர இதனாலயே செத்ததுன்னு நெனச்சுத் திருப்பிக் குடுத்தவங்களப் பாத்திருக்கேன்.

வெயில் நல்லா அடிக்கிற மத்தியானம் ஐஎஸ்ஓ 100 வெச்சு குமிழ்ல பாத்தா 1/125க்கு எஃப் 16 வரணும், டிசம்பர் ஜனவரில மேகமில்லாத ரங்கூன் வானம் இதுக்கு ஏத்தது. பழைய வெஸ்டன்ல ஃபிலிம் எண் வேற கணக்கு, வெஸ்டன் 80தான் நம்ம 100, அது தெரியாம 100ல வெச்சா ஒரு ஸ்டாப்புல மூணுல ஒரு பங்கு தப்பும். இது ஒரு வெளிச்சத்துக்கு. மத்த வெளிச்சத்துக்கும் சரியான்னு தெரிய இருட்டு ரூம்ல ஒரு எல்இடி டார்ச்ச நட்டு வெச்சு, 1 மீட்டர் தூரத்துல அளந்து, 1.4 மீட்டருக்குப் போங்க, சரியா ஒரு ஸ்டாப் கொறையணும், 2 மீட்டர்ல ரெண்டு ஸ்டாப். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும், அந்தக் கணக்குதான். வீட்டு பல்ப வெச்சுப் பண்ணாதீங்க, எங்க ஊர் கரண்ட் ஏறி எறங்குறதுல பல்பு மாறிட்டே இருக்கும்.

எல்லா தூரத்துலயும் ஒரே அளவு, அர ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கம்மியாக் காட்டுனா அந்த மீட்டர வாங்குங்க, தொறக்கவே வேணாம், ஐஎஸ்ஓ எண்ண மாத்தி வெச்சா சரியாயிடும். வெயில்ல சரியாவும் நிழல்ல நிஜ அளவ விட மூணு ஸ்டாப் கம்மியாவும் காட்டுனா செல்லு போயிடுச்சு, அத விட்டுடுங்க.

தொறக்கறதுன்னு ஆச்சுன்னா வெள்ளைப் பேப்பர் விரிச்சு அது மேல தொறங்க, உள்ள காந்தம் இருக்கிறதால டேபிள்ல கெடக்குற இரும்புத் துகள்லாம் உள்ள பாஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் எடுக்குறது பெரும்பாடு. பாதிக் கோளாறு செல்லுல இருக்காது, செல்லு தொடுற எடத்துல இருக்கும். செல்லுல கரண்ட் எடுக்குற அந்த வளையத்த மட்டும் சுத்தமான ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடைங்க, செல் முகத்தச் சொரண்டக் கூடாது, மேல இருக்கிற படலம் போச்சுன்னா செல்லே போச்சு. செல்லு மேல சால்டரிங் வெக்கவே கூடாது, செலினியம் 221 டிகிரிலயே உருகும், சால்டரிங் முனை 300ஐத் தாண்டும், அதுல வர்ற புகையும் விஷம். மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சு முள்ளுச் சுருள நேரா சோதிக்காதீங்க, மைக்ரோ ஆம்ப்ல ஓடுற சுருளுக்கு அந்தக் கரண்டே அதிகம், முள்ளு அடிச்சு வளைஞ்சுடும். அல்கலைன் கசிஞ்சு பச்சை பூத்த பேட்டரிக் குழிக்கு வெள்ளை வினிகர் ரெண்டு சொட்டு, அப்புறம் ஆல்கஹால், அப்புறம் ரப்பர் வெச்சுத் தேச்சு பளபளன்னு ஆக்குங்க, அதுக்கும் ஓடலைன்னா ஒயர் உள்ளயே கருத்திருக்கும், தோல உரிச்சுப் பாத்து மாத்தணும். செத்த செலினியத்துக்குப் பதிலா சின்ன சோலார் செல் போட்டும் பாக்குறாங்க, கூடவே மின்தடை போட்டு அளவுக்குக் கொண்டு வரணும், ஆனா பழைய செல்லு வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கரண்ட் ஏத்தி எறக்குற கணக்குக்கு அது பொருந்துறது கஷ்டம், அளவுகோல நீங்களே புதுசா எழுத வேண்டியிருக்கும்.

மழைக்கு முன்னாடி, ஏப்ரல் கடைசில, என் மீட்டர் ரெண்டையும் காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வெச்சுடுவேன், பேட்டரியக் கழட்டிட்டு, ஸ்பீக்கருக்கு தூரமா. வெஸ்டன் முதுகுல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கேன், "அர ஸ்டாப் கம்மி"ன்னு. தீபாவளி முடிஞ்சு வானம் வெளுத்ததும் டார்ச்ச நட்டு மறுபடி அளப்பேன், முக்கால் ஆயிருந்தா பேப்பர மாத்தி ஒட்டணும்.