சொல்லுக்குள் இருக்கும் மௌனம்

‘பாட்டு’ என்று சொல்லிப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தால், நடுவில் கோடு தட்டையாகக் கிடக்கும். ‘ட்’டுக்காக நாக்கு நுனி வளைந்து அண்ணத்தை அடைத்திருக்கும் நேரம் அது. காற்று வெளியேற வழியில்லை, குரல்நாண்களும் அதிர்வதில்லை. சாதாரணப் பேச்சில் இந்த அமைதி ஏறத்தாழ 100 முதல் 200 மில்லிநொடி நீடிக்கும். ‘பாடு’வில் இது கிடையாது. நாக்கு தொட்டதும் விலகிவிடும், அதிர்வு அறுபடாது. மெய்க்கு அரை மாத்திரை என்கிறது தொல்காப்பியம். இரட்டித்த வல்லினத்தில் அந்த நேரத்தின் பெரும்பகுதி ஓசையே இல்லாதது.

பக்கம், பத்து, அப்பா ஆகிய மூன்றிலும் நடுவில் இருக்கும் அமைதியை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்டால் எது எந்தச் சொல்லினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அடையாளமெல்லாம் அதன் இரு கரைகளில் இருக்கிறது. ‘ப்’புக்கு உதடு மூடும்போது முந்தைய உயிரின் ஒத்ததிர்வு அலைவெண்கள் (வாய்க்குழியின் வடிவத்தால் வலுப்பெறும் அலைவெண்கள்) கீழே இறங்கும். ‘க்’குக்குப் பின்நாக்கு எழும்போது அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் நெருங்கி வரும். அடைப்பு திறக்கையில் ஒரு சிறு வெடிப்பு. அமைதியின் நீளமோ ஒற்று இரட்டித்ததா என்பதைக் காதுக்குச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்லிட்’ என்ற சொல்லில் ‘ஸ்’ஸை அடுத்து 100 மில்லிநொடி வெற்றிடம் செருகினால், யாரும் உச்சரிக்காத ‘ப்’ ஒன்று முளைத்து ‘ஸ்ப்ளிட்’ என்று கேட்கும்!

‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருளில் இதைச் சோதிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, 44,100 ஹெர்ட்ஸில் மோனோவாகப் பதியுங்கள். உயிரின் கடைசி அலையிலிருந்து வெடிப்பு வரை தேர்ந்தெடுத்தால் கால அளவு திரையில் தெரியும். பிறகு அந்த அமைதியை 20, 20 மில்லிநொடியாக வெட்டிக் குறைத்துக் கேளுங்கள். இரட்டிப்பு தேய்ந்துகொண்டே வரும். அலை சுழிக்கோட்டை, அதாவது நடுவிலுள்ள பூஜ்யக் கோட்டை, கடக்கும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். தவறினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் எழும், காது அதையே வெடிப்பாக எடுத்துக்கொண்டு சோதனையைக் கெடுத்துவிடும். கைபேசிப் பதிவிலும் கவனம் தேவை. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு அமைதியைக் கண்டதும் ஒலியைக் கூட்ட முனைவதால், அறையின் இரைச்சல் அந்த இடைவெளியில் ஏறி உட்காரும்.

கல்யாண மண்டபத்து மைக்கில் பேசுவது புரியாமல் போவதற்கும் இந்த அமைதிக்கும் தொடர்பு உண்டு. ஒலி 60 டெசிபல் தணிய 2 நொடி எடுக்கும் மண்டபத்தில், 150 மில்லிநொடியில் அது தணிவது வெறும் 4.5 டெசிபல். முந்தைய உயிரின் முழக்கமே ‘ட்’டின் இடத்தை நிரப்பிவிடுகிறது. அரை நொடியில் தணியும் அறையில் அதே இடைவெளிக்குள் 18 டெசிபல் தணியும், ஒற்று தெளிவாக நிற்கும். ஆகவே கனத்த திரைச்சீலை தொங்கவிடுவது, ஒலிபெருக்கியைக் கூரையை விட்டு ஆட்கள் பக்கம் திருப்புவது, நிறுத்திப் பேசுவது எல்லாமே உதவும். ஒலியளவைக் கூட்டிப் பயனில்லை. பேச்சோடு முழக்கமும் சேர்ந்தே கூடும், அந்த 4.5 டெசிபல் அப்படியேதான் இருக்கும்.