கொசு மருந்து என்கிறோமே, அது மருந்தில்லை

கார்த்திகை மழை விட்டு ஒரு வாரம் ஆனால் போதும், கடலூரில் எங்கள் குழந்தைகள் கிளினிக் நிரம்பிவிடும். பாதிப் பேருக்குக் காய்ச்சல். மீதிப் பேர் ராத்திரி முழுக்க இருமிவிட்டு விடியற்காலையில் இழுப்போடு வரும் பிள்ளைகள். அது பழகிப்போனது. ஆனால் இந்த முறை ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மெஷினில் மாட்டும் கொசு லிக்விடைக் குடித்துவிட்டதாம். இந்த வருஷத்தில் இது நான்காவது குழந்தை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடித்தது ஒரு மடக்குக்கு மேல் இருக்காது. குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதறிப்போன பாட்டி உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்துவிட்டார். அங்கேதான் கெட்டது. அந்த பாட்டிலில் கொசுவைக் கொல்லும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் இருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் வாசனை நீக்கிய மண்ணெண்ணெய். வயிற்றுக்குள் கிடக்கும்வரை அது அவ்வளவாகத் தொல்லை தராது, வாந்தியோடு மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். சாயங்காலத்துக்குள் காய்ச்சல், இழுப்பு, ஆக்ஸிஜன். ஐந்து நாள் வார்டில் கிடந்தது. பாட்டியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. குழந்தையின் அம்மா சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: “கொசு மருந்துதானே டாக்டரம்மா, இவ்ளோ பண்ணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

இந்த ‘மருந்து’ என்ற சொல்லோடு எத்தனை வருஷமாக மல்லுக்கு நிற்கிறேன்! காய்ச்சலுக்கு நான் எழுதித் தரும் பாராசிட்டமாலும் மருந்து, கரப்பானுக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. ஒரே பெயர் இருப்பதால் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள், ஒரே அலட்சியத்தோடு கையாளுகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு லாம்டா சைஹலோத்ரின் அடிக்கும் நாளில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார்கள், குளிக்காமல் பிள்ளையைத் தொட மாட்டார்கள். அதே மனிதர் வீட்டில் ராத்திரி எட்டு மணி நேரம், பிள்ளையின் தலைமாட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டு எரியவிடும் டிரான்ஸ்ஃப்ளூத்ரினும் பைரித்ராய்டு என்கிற அதே பூச்சிக்கொல்லிக் குடும்பம்தான். கரப்பான் ஸ்பிரேயில் இருக்கும் சைபர்மெத்ரினை வயலிலும் அடிக்கிறோம். வீட்டில் அளவு குறைவு, சரி. பழைய பூச்சிக்கொல்லிகளை விட மனிதருக்கு இவை விஷம் குறைந்தவை, அதுவும் சரி. ஆனால் தோப்பில் காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது, வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்துக்குப் பத்து அறையில் அந்தக் குழந்தை வருஷம் முழுக்க அதையே சுவாசிக்கிறது.

இழுப்போடு வரும் பிள்ளையின் அப்பாவிடம் வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்று கேட்பேன். “சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்” என்பார். கொசுவத்தி? “அது தினமும் உண்டு.” 2003இல் வந்த ஓர் ஆய்வில் கணக்கிட்டார்கள், ஒரு கொசுவத்தி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டிலிருந்து வருவதற்குச் சமம். இதைச் சொன்னதும் உடனே “அப்ப லிக்விடுக்கு மாறிடறோம்” என்கிறார்கள். புகை குறையும், நல்லதுதான். ஆனால் புகை இல்லாததால் உள்ளே எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஏசி போட்டு, கதவிடுக்கில் துணி அடைத்து, விடியவிடிய ஓட விடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “மூடி வச்சாத்தான் வேலை செய்யும்” என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காற்றோட்டம் வேண்டும் என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கொசு விரட்டும் ஊதுவத்தி என்று மலிவாக ஒன்று விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் நம் நாட்டில் பதிவே செய்யாத மெபர்ஃப்ளூத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூலிகை என்று மேலே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அட்டையில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் சிஐஆர் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்பிரே அடிக்கிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். அடித்தது தரையில் படிகிறது. வெயில் படாத வீட்டுக்குள் அது சீக்கிரம் அழிவதில்லை. தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். கரப்பானுக்காக அலமாரி ஓரம் சாக்பீஸ் கோடு போடுவதும் இதே கதைதான், பிள்ளைக்கு அது எழுதுகிற சாக்பீஸ். கரப்பானுக்கு ஜெல் போதும், கீல் இடுக்கில் பொட்டு வைத்தால் குழந்தை கைக்கு எட்டாது. ஸ்பிரே அடித்தே ஆக வேண்டுமா, பிள்ளைகளை வெளியே அனுப்பி, தண்ணீர்க் குடத்தையும் பாத்திரத்தையும் மூடி, ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து, தரையைத் துடைத்த பிறகு உள்ளே விடுங்கள்.

அப்புறம், “டெங்கு பயம் டாக்டர், அதான் ராத்திரி முழுக்கப் போடறோம்” என்பவர்களுக்கு. டெங்கு கொசு பகலில் கடிப்பது. ராத்திரி காதருகே பாடுவது பெரும்பாலும் சாக்கடையில் பிறந்த கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. டெங்கு கொசு உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில், ஃபிரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டில், பூந்தொட்டித் தட்டில், மூடாத சின்டெக்ஸில், கொட்டாங்குச்சியில் வளர்கிறது. முட்டை கொசுவாகி வெளியே வர எட்டு, பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைத்தால் போதும். நம் பக்கத்தில் புதுச்சேரியிலேயே 1975இலிருந்து பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான ஆராய்ச்சி மையம் இருக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒடுக்க 1981 முதல் 1985 வரை அந்த ஊரில் அவர்கள் முக்கியமாகச் செய்தது கொசு பிறக்கும் தண்ணீரை ஒழித்ததுதான். கிணறு, வாய்க்கால், கழிவுநீர்க் குட்டை என்று தேடிப் போனார்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொசுவலை கட்டுங்கள். பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். ஜன்னலுக்கு வலையடித்து, ஃபேனை வேகமாக வையுங்கள். மெஷின் வேண்டும் என்றால் மாலையில் ஆறிலிருந்து எட்டு வரை ஆளில்லாத அறையில் போட்டு, படுக்கப் போகும்போது அணைத்து, ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் இழுப்பு இருக்கிற பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். தரையோரப் பிளக்கில் மெஷினை மாட்டாதீர்கள், தீர்ந்த பாட்டிலைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

மீறி ஒரு குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், இருமல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். பாட்டிலையும் அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள், அதில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் அடுத்ததைச் செய்ய முடியும்.