அடி வாங்குவதும் 'கெட்' என்ற சொல்லும்

'அடி வாங்கினான்' என்கிறோம். அவன் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. திட்டு வாங்குவது, பேர் வாங்குவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் அப்படித்தான். கையில் பெறுவது என்ற முதல் பொருளைத் தாண்டி அந்தச் சொல் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தின் 'கெட்' இதே வழியில் இன்னும் வெகுதூரம் போன சொல்.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது அது. அங்கே அதற்குப் பெறுதல், அடைதல் என்று பொருள். பழைய ஆங்கிலத்திலும் அதன் உறவுச்சொல் ஒன்று கூட்டுச்சொற்களுக்குள் இருந்தது. 'ஃபர்கெட்' அப்படிப்பட்டதுதான்: கைப்பிடி நழுவிப்போவது. மறதியை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா என்ன!

'கெட்' இறந்தகாலத்தில் 'காட்' ஆகும். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் கிடைத்தது. 'ஐ காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தேன். 'ஐ காட் வெட்', நனைந்துவிட்டேன். முதலில் பொருள் கைக்கு வந்தது, பிறகு ஆள் ஓர் இடத்துக்கு வந்தார், கடைசியில் ஒரு நிலைக்கு வந்தார். சற்றுமுன் இல்லாதது இப்போது உண்டு, அவ்வளவுதான். 'ஐ வாஸ் டயர்ட்' என்பது களைப்பாக இருந்ததை மட்டும் சொல்லும். 'ஐ காட் டயர்ட்' களைத்துப்போன அந்த மாற்றத்தையே சொல்லும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இப்படிச் சொந்தப் பொருள் வெளுத்து, ஒரு சொல் இலக்கணக் கருவியாக மாறுவதற்கு 1912இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே பெயர் வைத்தார்: இலக்கணமாதல். 'நனைந்துவிட்டேன்' என்பதில் நாம் எதையும் விடவில்லையே, அதுவும் இதுதான்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் சலூன். 'முடி வெட்டினேன்' என்ற நினைப்பில் 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், நாமே கத்தரியை எடுத்ததாகத்தான் கேட்பவர் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான் இன்னொருவர் வெட்டிவிட்டது புரியும். தமிழில் 'வெட்டிக்கொண்டேன்' என்கிறபோது 'கொள்' ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது. கொள் என்பதற்கும் முதல் பொருள் பெறுதல், வாங்குதல்தான். 'கொள்முதல்' என்ற சொல்லில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.