பிடித்த எண்ணூறு ரூபாய் யாருடையது?

போன ஆவணியில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். டி.வி. சீரியலில் அண்ணி வேஷம். ஒரு வருஷமாக வசனமும் எழுதுகிறார். கையில் மஞ்சப்பை. அதற்குள் தினசரிக் காலண்டர் தாள்கள், வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. ஷூட்டிங் போன நாளின் தாளை மட்டும் எடுத்துவைத்து, பின்பக்கம் ‘காலை 9 - இரவு 9, 7 சீன்’ என்று எழுதியிருந்தார்.

“நாளுக்கு எட்டாயிரம்னு பேசுனாய்ங்க சார். பேங்குல ஏழாயிரத்து இருநூறுதான் விழுகுது. மூணு வருஷமா பிடிக்கிறாய்ங்க. கேட்டா அடுத்த கால்ஷீட் வராதுன்னு கேக்கல.”

அந்த எண்ணூறு கம்பெனி எடுத்துக்கொண்ட பணம் இல்லை. அவர் பான் நம்பரில் வரித்துறைக்குப் போன 10 சதவீத டி.டி.எஸ்., அதாவது சம்பளம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி. கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். அவருக்கு அதை யாருமே சொல்லவில்லை.

மாதம் 12 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 11,52,000 ரூபாய். அதில் பிடித்தம் 1,15,200. நடிகர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர் எல்லாரையும் வருமான வரிச் சட்டம் திரைக்கலைஞர் என்று ஒரே வகையில் வைக்கிறது. அந்த வருஷங்களுக்குப் பொருந்தும் 1961 சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். சேலை, பிளவுஸ் தையல்கூலி, மேக்கப், பாண்டியன் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்கிவிடும். பில் தேட வேண்டியதில்லை. பாதி என்பது 5,76,000. 2024-25 கணக்குக்குப் புதிய வரிமுறையில் 7 லட்சம் வரை வரி இல்லை. ஆக, பிடித்த பணம் முழுக்க அவருடையது. அந்த வருஷத்து ரீஃபண்டு வந்துவிட்டது.

முந்தைய இரண்டு வருஷத்துக்கு டிசம்பர் 31 கெடு தாண்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு போடும் அப்டேட்டட் ரிட்டனில் ரீஃபண்டு கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போய்ச் சம்பாதித்த காசு. எனக்கே மனசு ஆறவில்லை.

அந்தக் காலண்டர் தாள்களை, அவர் பெயரில் பிடித்த வரியை வரித்துறை பட்டியல் போட்டுக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு மாதம் 14 தாள் இருந்தது, அறிக்கையில் 11 நாள் பணத்துக்குத்தான் பிடித்தம் ஏறியிருந்தது. தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டதும் கம்பெனி திருத்திக் கொடுத்தது. எந்தச் சாஃப்ட்வேரும் இதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

எனக்குக் கவலை அவருடைய எழுத்தைப் பற்றித்தான். நடிப்புக்காவது தாள் இருந்தது. வசனத்துக்கு எபிசோடு கணக்கில் ஜிபேயில் பணம் வந்தது, ஒப்பந்தமே இல்லை. எழுத்துரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்துக்கு எழுதியவர், தியேட்டர் திரையிடல் தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் தன் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஆனால் எழுதியவர் இவர்தான் என்று காட்ட எதாவது இருக்க வேண்டுமே! டைட்டிலில் பெயர், ஸ்கிரிப்ட் அனுப்பிய மெயில், இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

நடிப்பு வரவும் எழுத்து வரவும் சேர்த்து வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். தனித்தனியாகப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. வீட்டுக் கடனுக்கு வங்கிகள் கேட்பதும் இரண்டு, மூன்று வருஷ ரிட்டன்தான். டி.வி.யில் முகம் தெரிவதை வைத்து யாரும் கடன் தருவதில்லை.

சென்ற மாதம் புது சீரியலுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் பன்னிரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்பதாம் பக்கத்தில் “வசனம்” என்ற சொல்லைச் சுற்றி அவரே பேனாவால் வட்டம் போட்டு, “இதுக்குத் தனியா எவ்வளவுன்னு போடலையே சார்?” என்று கேட்டிருந்தார்.