பேடா, துணியா, கப்பா? மகளும் பேசட்டும்

அந்த அம்மா மேசைமேல் ஒரு சின்னத் துணிப்பையை வைத்தார். வைத்த வேகத்திலேயே கையை எடுத்துக்கொண்டார். திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மென்ஸ்ட்ருவல் கப். மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க உடலுக்குள் வைத்து, எடுத்துக் கொட்டிக் கழுவி, மறுபடி பயன்படுத்தும் சின்னக் கிண்ணம். பக்கத்து நாற்காலியில் ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், ஷாலின் நுனியை முறுக்கியபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இவ ஸ்கூல் பேக்ல இருந்துச்சு டாக்டர். பிறந்தநாளுக்கு மாமா குடுத்த காசுல ஆன்லைன்ல வாங்கியிருக்கா. கல்யாணம் ஆகாத பிள்ளை இதெல்லாம் உள்ள வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"அம்மா, நான் இன்னும் போடவே இல்லம்மா."

"ஏட்டி, நீ சும்மா இரு. டாக்டர் சொல்லட்டும்."

மகளிர் நல மருத்துவராக இந்தப் பேச்சை வெவ்வேறு வடிவங்களில் அடிக்கடி கேட்கிறேன். இங்கே சொல்லும் குடும்பங்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சண்டையின் விஷயத்தை மட்டும் மாற்றவில்லை.

அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன். வளரிளம் பெண்கள் யார் வந்தாலும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது என் வழக்கம். அம்மா முன்னால் வராத பதில்கள் அப்போதுதான் வரும்.

அந்தப் பெண் கோவில்பட்டிப் பக்கம். பள்ளி அணியில் ஹாக்கி ஆடுகிறாள். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, அப்படியே பள்ளி, மாலை ஸ்பெஷல் கிளாஸ். வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். பேடு வைத்துக்கொண்டு ஓடினால் அது ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது, ஓரம் தொடையில் உரசிப் புண்ணாகிறது. பரிசோதித்தபோது இரண்டு தொடையின் உள்பக்கமும் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்தே இருந்தது. "பள்ளியில் எத்தனை தடவை மாற்றுவாய்?" என்று கேட்டேன். "மாத்த மாட்டேன் மேடம். பாத்ரூம்ல தண்ணி வராது, குப்பைக்கூடை இல்ல. மாத்துனா பழைய பேடைப் பையிலதான் வச்சிருக்கணும்."

காலை ஐந்தரையிலிருந்து மாலை ஏழு வரை ஒரே பேடு. அவள் கப் வாங்கியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அடுத்து அம்மாவிடம் தனியாகப் பேசினேன். அவருடைய பயம் என்னவென்று அவரே வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக்குடுக்கணும்ல டாக்டர்" என்றார். கன்னித்திரையைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் நேராகப் பேசுவதுதான் நல்லது. என் தலையில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இது மாதிரிதாம்மா. நடுவில் வழி இருக்கும் ஒரு மெல்லிய சவ்வு. சில பேருக்கு வளையம் மாதிரி, சில பேருக்குப் பிறை மாதிரி. விரியும், சுருங்கும். எல்லாரும் நினைப்பதுபோல் அது மூடிய கதவு இல்லை. மூடியிருந்தால் மாதாமாதம் ரத்தம் எப்படி வெளியே வரும்?"

அவர் ரப்பர் பேண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே அந்தச் சவ்வு முழுதாக மூடியிருக்கும் பெண்கள் உண்டு, ஆனால் அது அபூர்வம். அவர்கள் வயதுக்கு வந்த அடையாளம் வெளியே தெரியாமல், மாதாமாதம் வயிற்றுவலியோடு வருவார்கள். அந்தச் சவ்வில் வழி ஏற்படுத்தி, தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவதுதான் எங்கள் சிகிச்சை. இதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். கப் வைக்கும்போது சிலருக்கு அந்தச் சவ்வு விரியலாம், லேசாகக் கிழியவும் செய்யலாம். விளையாட்டிலும் அப்படி நடக்கலாம். அதனால் ஒரு பெண் எதையும் இழப்பதில்லை. 'கன்னித்தன்மை' என்பது மருத்துவச் சொல்லே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் கூட்டாகச் சொல்லிவிட்டன. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் செய்யப்பட்ட இருவிரல் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதை இனி யாரும் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பார்த்து அவள் கடந்தகாலத்தைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நான் இந்த வேலையில் இருப்பவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

சரி, பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

"நான் வயசுக்கு வந்தப்போ எங்கம்மா பழைய சேலையைக் கிழிச்சுக் குடுத்தா டாக்டர். அலசி, மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னாடி, பாவாடைக்கு அடியில போட்டுக் காய வைக்கணும். மழைக்காலத்துல காயாது. ஈரத்தோடதான் வைப்பேன். என் மகளுக்கு அந்த நெலமை வரக்கூடாதுன்னு, சடங்கு அன்னைக்கே நான் பேடு வாங்கிக் குடுத்தேன். இப்ப இவ அது வேண்டாம்ங்கிறா."

அந்த அம்மாவுக்குப் பேடு என்பது தன் தாயை எதிர்த்து அவர் பெற்ற ஒரு வெற்றி. கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்து, அதற்காக 2016-ல் பத்மஸ்ரீ பெற்றது சும்மா இல்லை. தமிழக அரசு வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் 'புதுயுகம்' திட்டத்தை 2011-ல் அறிவித்தது. நாப்கின் மேல் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒரு பேடு ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இவ்வளவு தூரம் வந்ததே இந்தத் தலைமுறைத் தாய்மார்களுக்குப் பெரிய விஷயம். மகள் "பேடு வேண்டாம்" என்றால், தான் கொடுத்ததை அவள் தள்ளிவிடுவதாகவே அவர்கள் காதில் விழுகிறது. அவள் சொல்வது "தொடை எரிகிறதம்மா" என்பதுதான். சண்டை முற்றிய வீட்டில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வீட்டையும் சொல்லவேண்டும். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தாய், தான் ஐந்து வருடமாகக் கப் பயன்படுத்துகிறார், குப்பை சேரக்கூடாது என்பதில் உறுதியானவர். பதின்மூன்று வயது மகளுக்கும் கப்தான் என்று பேடு வாங்குவதையே நிறுத்திவிட்டார். அந்தக் குழந்தை இரண்டு மாதம் கழிவறையில் அழுதிருக்கிறது. பயத்தில் தசை இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் பயம் கூடும். முற்போக்கான எண்ணத்தில் செய்தாலும் அது கட்டாயம்தான். அந்தத் தாயிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். உடம்பு அவளுடையது. அவளாகத் தயாராகி வரும்வரை பேடோ துணி நாப்கினோ இருக்கட்டும். குப்பையைப் பற்றிய கவலை அதுவரை காத்திருக்கலாம்.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். பேடு நனையவில்லை என்றாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். புண் வருகிறவர்கள் முதலில் வாசனை சேர்த்த பேடை நிறுத்திப் பாருங்கள். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், அடைப்பை எடுக்க வரும் தொழிலாளி அதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கும்.

துணி என்றால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியில் குறை இல்லை, அதை ஒளித்துக் காய வைத்ததில்தான் குறை. சுத்தமான பருத்தித் துணி, முதலில் பச்சைத்தண்ணீரில் அலசல், பிறகு சோப்பு, பிறகு மொட்டைமாடிக் கொடியில் நல்ல வெயில். இது முடிகிற வீட்டில் துணி நாப்கின் அருமையான தேர்வு. நான்கு பேர் பார்க்கக் காயப்போட முடியாத வீட்டில் அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம்தான்.

கப் பற்றி 2019-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்தது. 43 ஆய்வுகள், சுமார் 3,300 பெண்கள். கசிவு பேடு, டாம்பன் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) அளவுக்குத்தான், அல்லது அதைவிடக் குறைவு என்று அது சொல்கிறது. பழகச் சில மாதங்கள் ஆகும் என்றும் சொல்கிறது. என் அனுபவமும் அதுவே. பக்கத்துக் கேரளாவில் கும்பளங்கி ஊராட்சியில் பெண்களுக்குக் கப் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊர் என்றே அறிவித்தார்கள். கிராமத்துப் பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் கும்பளங்கியைத்தான் சொல்வேன்.

அந்த ஹாக்கிப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். முதல் முறையைப் பள்ளி நாளில் முயலாதே, விடுமுறை நாளில் வீட்டில் முயன்று பார். கப்பைக் கொதிக்க வைத்து எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கப்பை மடித்து, குத்தவைத்து உட்கார்ந்து மெதுவாக வை. எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காதே, அடிப்பகுதியை விரலால் அழுத்திக் காற்றுப்பிடிப்பை விடுவித்துவிட்டு எடு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாதே, ரத்தம் அதிகமான நாளில் இன்னும் சீக்கிரம் எடுத்துக் கொட்டிவிடு. பழகும்வரை ஒரு மெல்லிய பேடோ துணியோ சேர்த்து வைத்துக்கொள். வலித்தால் நிறுத்திவிடு, பேடுக்கே திரும்பினாலும் ஒன்றும் குறைந்துபோகாது. கப் உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, உடம்பில் தடிப்பு, தலைச்சுற்றல் வந்தால் உடனே கப்பை எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு வா. அது மிக மிக அபூர்வமான ஒரு நச்சுத் தொற்றாக இருக்கலாம்.

கப்பினால் எங்களுக்கு இன்னொரு உதவி உண்டு. பல கப்களில் மில்லி அளவுக் கோடு இருக்கும். ஒரு மாதவிடாயில் மொத்தம் 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிக ரத்தப்போக்கு. எந்தப் பேடு வாங்குவது என்று சண்டை போடும் வீடுகளில், மகள் மணிக்கு ஒரு பேடு மாற்றுவதை யாரும் கவனிக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, பெரிய ரத்தக்கட்டிகள் வருகிறதா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் மாற்ற வேண்டியது பேடு பிராண்டை இல்லை. ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

பள்ளிக் கழிவறையைப் பற்றியும் அந்த அம்மாவிடம் பேசினேன். குப்பைக்கூடை இல்லாததும் தண்ணீர் வராததும் அவருக்கு அதுவரை தெரியாது. "இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மகளைக் கேட்டார். "நீ பேடு வச்சிருக்கியான்னு மட்டுந்தானம்மா கேப்ப" என்றாள் அவள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தானே எழுந்து கேட்கப்போவதாக அம்மா சொன்னார். கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

தொடைப் புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்தேன். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு டாக்டர். இதக் கொதிக்க வைக்கணும்னு சொன்னீங்களே. எந்தப் பாத்திரத்துல?"

மாதவிடாய் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும், கப் முழுகும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும், இதற்கென்று தனியாக ஒரு சின்னப் பாத்திரம் இருந்தால் நல்லது என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். "உனக்குப் பால் பாட்டில் கொதிக்கவச்ச சட்டி பரண்மேல கெடக்குல்லா. அத எறக்கி விளக்கித் தாரேன்."