பிரதர், முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

போன வாரம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைத் தன் சபைக்காரர் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த புரோநோட் (கடன் உறுதிச் சீட்டு) சுத்தமாக இருந்தது. ஸ்டாம்பு, சாட்சிக் கையெழுத்து எல்லாம் சரி. தேதியைப் பார்த்தேன். வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு முடிந்து 4 மாதம் ஆகியிருந்தது.

“அப்பவே நோட்டீஸ் விடலாம்னு நினைச்சேன் சார். விசுவாசி மேல கேஸ் போடக்கூடாதுன்னு வேதத்துல இருக்குன்னு சொன்னாங்க.”

சொன்னது யார் என்று கேட்டேன். கடன் வாங்கியவரேதான்.

திருநெல்வேலிப் பக்கம் சிவில் வழக்கு நடத்துகிறவன் நான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறவன். இந்த வசனத்தைக் காட்டித் தப்பிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. 1 கொரிந்தியர் 6-ஐ முழுதாகப் படியுங்கள். சகோதரனும் சகோதரனும் அவிசுவாசிகள் முன்னால் வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிறார், உண்மை. ஆனால் அதே மூச்சில், தீர்த்து வைக்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்றும் கேட்கிறார். இந்த அம்மாவின் சபையில் அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. “ஜெபிப்போம்” என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்கிற 7-ஆம் வசனத்தைப் பணம் கொடுத்தவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். வாங்கியவர் அவருக்குப் பிரசங்கம் பண்ணக் கூடாது. வாங்கியவருக்கு உரியது 8-ஆம் வசனம்: அநியாயம் செய்வதும் நஷ்டப்படுத்துவதும் நீங்களே, அதுவும் சகோதரரை. அந்த அதிகாரத்தில் கடனைத் திருப்பித் தராதவருக்கு ஆறுதலாக ஒரு வரி கிடையாது.

இதே மனிதர் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களைச் சபை விடும் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 4,000 ரூபாய்க்கு எடுத்தாராம். உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. கமிட்டிக்காரர்கள் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை போல.

இப்போது கடன் வாங்கியவர் “கெடு தாண்டிப் போச்சே” என்கிறார். காலவரையறைச் சட்டப்படி அந்த அம்மா வழக்குப் போட முடியாது என்பது சரிதான். ஆனால் அடைபட்டது கோர்ட் கதவு மட்டும்; கடன் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான், காலம் கடந்த கடனையும் தருகிறேன் என்று ஒருவர் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 25(3). ஒரே ஒரு தாள் போதும். மனசாட்சி உள்ளவர் இன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம்.

கொடுக்கிறவர்களும் கொஞ்சம் கேளுங்கள். எழுதி வாங்கினால் நம்பவில்லை என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தை விடுங்கள். வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசி தன் சொந்தக்காரரிடம் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கியபோதே பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். அவரைவிடவா நமக்கு விசுவாசம் அதிகம்?

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டை அபராதம் கட்டினாலும் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு 3 வருடம் என்பது எழுதிய தேதியிலிருந்து. நீங்கள் கேட்ட தேதியிலிருந்து அல்ல. “மாசாமாசம் வட்டி தந்தாரே” என்பது மட்டும் கெடுவை நீட்டப் போதாது. கெடு முடிவதற்குள் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்கியிருக்க வேண்டும். அப்புறம், சபைக்காரர் என்பதற்காக யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுங்கள், பேசி முடித்ததை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பேச்சு படியவில்லையென்றால், சமரசமாக முடித்து வைக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) இருக்கிறது. கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே சமரசமானால் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். 3 வருடம் முடிவதற்குள் அங்கே போகச் சொல்லுங்கள்.