ரீகேல்: பிரெஞ்சுக் களிப்பிலிருந்து வந்த ஆங்கில விருந்து

ஆங்கில நாவல்களில் 'ரீகேல்' (regale) என்ற வினைச்சொல்லை அடிக்கடி பார்க்கலாம். வந்தவருக்கு வயிறாரப் போட்டு அனுப்புவது மட்டும் ரீகேல் ஆகாது. வகைவகையான உணவு, பானம், பாட்டு, பேச்சு என்று தாராளமாகக் கொடுத்து மகிழ்ச்சியில் திளைக்க வைக்க வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் உணவைவிடக் கதையோடுதான் இச்சொல் அதிகம் சேர்ந்து வருகிறது. தாத்தா தன் கப்பல் பயணக் கதைகளைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைக் கட்டிப்போட்டால், அவர் அவர்களை ரீகேல் செய்தார் என்பார்கள்.

அரசனுக்குரிய என்று பொருள்படும் 'ரீகல்' (regal) என்ற சொல் எழுத்தில் இதை ஒத்திருப்பதால், ராஜ உபசாரம் என்பதுதான் மூலப்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ரீகல், அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ரீகேல் வேறு குடும்பம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ரேகாலே' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு அடியில் இருப்பது கொண்டாட்டத்தையும் களிப்பையும் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல். வீரமும் கண்ணியமும் உள்ளவரைக் குறிக்கும் 'கேலண்ட்' (gallant) என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக, இந்தச் சொல்லின் உள்ளே இருப்பது அரண்மனை அல்ல, ஆட்டமும் பாட்டமும்தான்.

பிரான்சில் இது இன்றும் அன்றாடச் சொல். சாப்பாடு பிரமாதமாக இருந்தால் 'ஜ ம ஸ்வி ரேகாலே' என்பார்கள், ரசித்து ருசித்தேன் என்று அர்த்தம். உணவகத்தில் 'செ முவா கி ரேகால்' என்று ஒருவர் சொன்னால், இன்றைய செலவு என்னுடையது என்று பொருள். அப்புறம் என்ன, மற்றவர்கள் பணப்பையைத் தொட வேண்டியதில்லை!

சரி, தமிழில் என்ன சொல்வது? விருந்தோம்பல் என்று எழுதிவிடலாம்தான், ஆனால் அது முழுமையாகப் பொருந்தாது. தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியம் அப்படித்தான் ஆள்கிறது. அதனால் புதிதாக வந்தவரும் விருந்து ஆனார். ஓம்பல் என்றால் பேணுதல். வள்ளுவர் பத்துக் குறளில் சொல்லும் விருந்தோம்பல் இல்வாழ்வாரின் கடமை. அதில் பரிவு முதன்மை, ஆடம்பரம் தேவையே இல்லை.

ரீகேலின் உண்மையான தமிழ்க் காட்சி பொருநராற்றுப்படை என்ற சங்க நூலில் இருக்கிறது. சோழன் கரிகாலன், பொருநர் என்னும் கலைஞர்களுக்குப் பொற்கலத்தில் கள் தருகிறான், கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சி தருகிறான். சூடு தாங்காமல் அதை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி மெல்கிறார்கள். இனி வேண்டாம் என்றால் பலகாரம் வருகிறது. நடுவே விறலியர் என்னும் ஆடல் மகளிர் ஆடுகிறார்கள். பகலும் இரவும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிப் போனதாம். இதை வெறும் உபசரிப்பு என்று எப்படிச் சொல்வது?

என் தேர்வு 'விருந்தூட்டு'. ஊட்டு என்ற வினை சோற்றுக்கும் வரும், மகிழ்வூட்டு, களிப்பூட்டு என்று உணர்வுக்கும் வரும்; ரீகேலின் இரண்டு பக்கமும் அதில் அடங்கிவிடுகிறது. கதை, இசை என்று வரும் இடங்களில் செவிக்கு விருந்தூட்டினார் என்று எழுதலாம். செவிக்குணவு என்று குறளே சொல்வதால் தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்காது.